வெண்பாவும் இரண்டு கிலோபைட்டும்

பழைய டிவி கேம் பெட்டிக்கு இன்று நிரல் எழுதக் கற்பது சிறுபிள்ளைத்தனமாம். இலக்கிய நண்பர்கள் நகைக்கிறார்கள். மறுக்கிறோம். ரசிகமணி வாழ்ந்த குற்றாலத்தில், சாரலில் நனைந்தபடி வெண்பாவின் கட்டுப்பாட்டை வியப்பவர்கள் இதையும் கேட்க வேண்டும்.

1983இல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோ ஃபாமிகாமின் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். நகரும் உருவத்துண்டுகள் திரையின் ஒரு வரியில் எட்டுக்கு மேல் தோன்றா, ஒன்பதாவது மறையும். படக்கட்டம் 8க்கு 8 புள்ளி. ஆங்கில எழுத்து அதில் அடங்கிவிடும். நம் ‘ணை’ இரண்டு கட்டம் கேட்கும்.

தொண்ணூறுகளில் தென்காசி வீடுகளில் அதன் நகல்பெட்டிகளை ஆடித் தீர்த்தோம். ஒன்றையேனும் ஆக்க முயன்றோமா? இன்று கருவிகள் இலவசம். பெட்டிகூட வேண்டாம், எமுலேட்டர் போதும். இனியும் பிறர் ஆக்கியதையே ஆடிக்கொண்டிருப்பதுதான் சிறுபிள்ளைத்தனம். அந்தக் கட்டத்துக்குள் தமிழை நிறுத்துவது, தளை தட்டாமல் ஈற்றடி முடிப்பதற்குச் சற்றும் தாழ்ந்ததன்று.