இரும்புக்கும் அசதி உண்டு

கொண்டை ஊசி ஒன்றை எடுத்து வளையுங்கள்; ஒன்றும் ஆகாது. நிமிர்த்தி, மறுபடி வளைத்து, மறுபடி நிமிர்த்திக் கொண்டே இருங்கள். சிறிது நேரத்தில் 'படக்'கென்று இரண்டாகிவிடும். முதல் தடவையைவிடக் கடைசித் தடவை நீங்கள் அதிக பலம் ஒன்றும் காட்டவில்லை. பின் ஏன் ஒடிந்தது? ஊசிக்கு அசதி வந்துவிட்டது! விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உலோகங்களை ஆராய்கிறவர்களே இதற்கு 'அயர்ச்சி' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

திண்டுக்கல் பூட்டை அறியாத வீடு தமிழ்நாட்டில் ஏது? கையாலேயே அராவிச் செய்யும் அந்தப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. லீவர் பூட்டில் சாவியைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் வளைந்து நிமிர்கிறது. நாளுக்குப் பத்துத் தடவை என்றாலும் வருஷத்துக்கு 3,650 தடவை. இது பெரிய காரியமில்லை. அதே திண்டுக்கல்லில் சென்னைக்கு ரயில் ஏறுங்கள். வழி சுமார் 430 கிலோமீட்டர்; சக்கரத்தின் குறுக்களவு சுமார் 90 சென்டிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், நீங்கள் எழும்பூரில் இறங்குவதற்குள் சக்கரம் ஒன்றரை லட்சம் தடவை சுற்றிவிடுகிறது! ஒவ்வொரு சுற்றிலும் அச்சின் மேற்பக்கம் கீழே வருகிறது. இழுபட்ட இடம் நசுங்குகிறது, நசுங்கிய இடம் இழுபடுகிறது. ஒரே இரவில் ஒன்றரை லட்சம் தடவை!

1842 மே 8-ஆம் தேதி, வெர்செயில்ஸ் நகரத்துத் திருவிழாவைப் பார்த்துவிட்டுப் பாரிஸுக்குத் திரும்பிய ரயிலில் எஞ்சினின் அச்சு ஒடிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. பிரயாணிகளை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிடுவது அந்த நாளைய பிரெஞ்சு ரயில் வழக்கம். ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பூட்டு ஊரைப் பற்றிப் பேசுகிற இடத்தில் இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பூட்டும் வழக்கமும் இந்த விபத்தோடுதான் ஒழிந்தன. பிறகு பிரஷ்யாவில் வோலர் என்ற ரயில்வே எஞ்சினீயர் அச்சுகளை யந்திரத்தில் மாட்டி வருஷக்கணக்கில் சுழற்றிப் பார்த்தார். ஒரு தடவையில் ஒடிக்க முடியாத சிறு பாரம், லட்சோபலட்சம் தடவை ஏறி இறங்கினால் ஒடித்துவிடும் என்று நிரூபித்தார்.

விரிசல் வெளியே இருந்தால் கண்ணுக்குத் தெரியும். உள்ளே இருந்தால்? 1998 ஜூன் 3-இல் ஜெர்மனியில் எஷெடே என்ற ஊரருகே 101 உயிர்களைக் குடித்த ரயில் விபத்தில், சக்கரத்தின் எஃகுப் பட்டையில் விரிசல் உட்புறத்தில்தான் தொடங்கியிருந்தது.

சந்தையில் மண்பானை வாங்கும்போது விரலால் தட்டிப் பார்க்கிறோமே, அதேபோல் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிக் கொண்டே போகும் ரயில்வே சிப்பந்தியை ஒரு காலத்தில் ஸ்டேஷன்களில் பார்க்கலாம். கெட்டிக்காரக் காதுதான், ஆனால் மயிரிழை விரிசல் அதற்கும் தப்பிவிடும்.

1895-இல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன், மனைவியின் கையை மோதிரத்தோடு படம் பிடித்த கதை எல்லாருக்கும் தெரியும். தம் வேட்டைத் துப்பாக்கியையும் அவர் படம் பிடித்தார். குழலுக்குள் இருந்த குறை அதில் தெரிந்தது. ஆனால் எக்ஸ்ரே வெறும் நிழல். முன்னே இருப்பது எது, பின்னே இருப்பது எது என்று நிழல் சொல்லுமா? பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நூற்றுக்கணக்கான நிழல்களை எடுத்து, கணக்குப் போட்டு, வாழைத்தண்டை வட்ட வட்டமாக நறுக்கின மாதிரி வில்லைகளாக்கி, மறுபடி அடுக்கிவிட்டால் முழு உருவமும் கிடைத்துவிடுகிறது. கத்தியே படவில்லை! 1971-இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்பவரின் யந்திரம் ஒரு நோயாளியின் தலையை இப்படித்தான் பார்த்தது. இன்று 'ஸ்கேன்' என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்வது அதைத்தான்.

உலோகத்துக்கு இன்னும் உக்கிரமான கதிர் வேண்டும். இந்தூரில் 'இண்டஸ்-2' என்ற யந்திரம் இருக்கிறது. சுற்றளவு 172 மீட்டர். எலக்ட்ரான்கள் அதற்குள் வட்டமிட்டு ஓடும்போது பிரகாசமான எக்ஸ்ரே பிறக்கிறது. படம் பிடிக்க அங்கே தனி வழியே அமைத்திருக்கிறார்கள். பிரான்சிலும் ஜப்பானிலும் இத்தகைய யந்திரங்களில் உலோகத் துண்டை இழுத்துத் தளர்த்தி, படம் எடுத்து, மறுபடி இழுத்துத் தளர்த்தி, ஒரே விரிசல் வளர்வதைக் கட்டம் கட்டமாகப் பார்க்கிறார்கள். முன்பெல்லாம் ஒடிந்த பிறகு பிரேதப் பரிசோதனைதான்! வார்க்கும்போது சிக்கிய சின்னக் காற்றுக் குமிழியோ, ஒரு துளி மாசோதான் பல சமயம் விரிசலுக்கு வித்து என்று நேரிலேயே தெரிகிறது. உள்ளே பிறந்த விரிசலுக்கு வெளிக்காற்று எட்டாததால் அது மெள்ள வளர்கிறது. மெள்ள வளர்கிற வியாதியைக் கண்டுபிடிப்பதுதானே கஷ்டம்!

ஒரு குறை உண்டு. இவ்வளவு நுட்பமாகப் பார்க்க, துண்டு தீக்குச்சி கனத்தில் இருந்தால்தான் சரி. ரயில் அச்சு முழுவதையும் கொண்டுபோய் நிறுத்த முடியாது. ரயில்வே பட்டறைகளில் அச்சின் முனையில் கருவியை வைத்து, மனிதக் காதுக்கு எட்டாத ஒலியைச் செலுத்திப் பார்க்கிறார்கள். அடுத்த முனைக்குப் போய்த் திரும்ப வேண்டிய எதிரொலி பாதி வழியிலேயே திரும்பிவிட்டால், அந்த அச்சை மேலும் ஓட விடுவதில்லை.