வாழ்த்து மட்டும் போதாது, வழித்துணையும் வேண்டும்

தலையங்கம்



செப்டம்பர் வந்துவிட்டால், மேற்படிப்புக்கு வெளிநாடு போகும் பிள்ளைகளின் படம் ஊருக்கு ஊர் பிளக்ஸில் ஏறுகிறது. சால்வை, இனிப்பு, விமான நிலையத்தில் குடும்பமே நின்று எடுக்கும் போட்டோ என்று அமர்க்களப்படுகிறது. வாழ்த்துவது நல்லதுதான். தாத்தா கைநாட்டு, அப்பா பத்தாவது, பிள்ளை ஜெர்மனியில் எம்.எஸ். என்றால் அது சமூகநீதி போட்ட விதையின் விளைச்சல். அதில் நம் எல்லோருக்கும் பெருமை உண்டு.

ஆனா ஒரு கேள்வி. விமானம் ஏறின மறுநாள்லேருந்து அந்தப் பிள்ளைக்குத் துணைக்கு யார் இருக்கா?

ஜெர்மனியையே எடுத்துக்கொள்வோம். 2023-24 குளிர்கால செமஸ்டரில் அங்கே படித்த இந்திய மாணவர்கள் ஏறத்தாழ 49,000 பேர். வெளிநாட்டு மாணவர்களில் இப்போது இந்தியர்கள்தான் முதலிடம். அதில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் கணிசமாக இருக்கிறார்கள். வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்து, நகையை அடகு வைத்து அனுப்பிய குடும்பங்கள் எத்தனையோ. அந்தப் பிள்ளை முதல் செமஸ்டரில் தடுமாறினால், தடுமாறுவது ஒரு ஆள் இல்லை, ஒரு குடும்பமே!

அறிவில் குறைந்தவர்கள் யாரும் அங்கே போகவில்லை. 2022 நவம்பரிலிருந்து ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்கிய பிறகுதான் இந்திய மாணவர்கள் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். நம் பிள்ளைகள் அதையெல்லாம் தாண்டிப் போனவர்கள். அவர்கள் சறுக்குவது பாடத்தில் அல்ல, யாரும் முன்கூட்டிச் சொல்லித்தராத சின்னச் சின்ன விஷயங்களில். அதனால்தான் இந்தத் தலையங்கம்.

முதல் சிக்கல் வீடு. ஜெர்மனியில் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். 'ஆன்மெல்டுங்' என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். வரி எண், தங்கும் அனுமதி எல்லாமே அந்தப் பதிவுக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. வீடே கிடைக்காத பிள்ளை எந்த முகவரியைப் பதியும்? மியூனிக் மாதிரி ஊரில் ஒரு அறை கிடைப்பதே குதிரைக்கொம்பு. இந்த அவசரத்தைத் தெரிந்துகொண்டுதான், இணையத்தில் அறையின் போட்டோவைக் காட்டி "அட்வான்ஸை இப்பவே அனுப்பு" என்று ஏமாற்றும் கும்பல் சுற்றுகிறது. நேரில் பார்க்காத, ஒப்பந்தம் கையில் வராத வீட்டுக்குப் பணம் அனுப்பாதே என்று ஒரு வார்த்தை சொல்ல ஆள் இருந்தால் பல லட்சம் தப்பிக்கும்.

இரண்டாவது, வகுப்பறை. இதுதான் பலருக்கும் புரியாத இடம். அங்கே பெரும்பாலான விரிவுரைகளுக்கு வருகைப்பதிவு இல்லை. "ஏன்பா வரல?" என்று கேட்க யாரும் இல்லை. தேர்வுக்குக்கூடக் கெடு தேதிக்குள் மாணவரே பதிந்துகொள்ள வேண்டும். மறந்தால் அந்தத் தேர்வை எழுத முடியாது. பல பாடங்களில் மொத்த மதிப்பெண்ணும் கடைசித் தேர்வு ஒன்றில்தான். மதிப்பெண் முறையும் தலைகீழ். 1.0 என்றால் முதல்தரம், 5.0 என்றால் பெயில்.

இதைவிட முக்கியமானது ஒன்று. "அரியர் வெச்சா அடுத்த செமஸ்டர்ல கிளியர் பண்ணிக்கலாம்" என்பது நம்ம ஊர்க் கல்லூரிகளில் சாதாரணப் பேச்சு. ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்களில் ஒரு கட்டாயப் பாடத்தை மூன்று முறைக்குள் தேறாவிட்டால் அந்தப் படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். அதே படிப்பை அந்த நாட்டில் வேறு இடத்தில் தொடர்வதும் பெரும்பாலும் நடக்காது. படிப்பு போனால் விசாவும் ஆட்டம் காணும். இந்த ஒரு விதி முதல் வாரமே தெரிந்திருந்தால், தயாராகாமல் "சும்மா எழுதிப் பார்ப்போம்" என்று யாரும் தேர்வறைக்குள் போக மாட்டார்கள்.

மூன்றாவது, பணம். 2024 செப்டம்பரிலிருந்து விசாவுக்காக முடக்கு கணக்கில், அதாவது பிளாக்டு அக்கவுண்டில், 11,904 யூரோ காட்ட வேண்டும். அது மாதம் 992 யூரோவாகத்தான் கைக்கு வரும். வாடகை, நூறு யூரோவுக்கு மேல் போகும் கட்டாய மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள்தான். டி.வி. இல்லாத வீட்டுக்கும் மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். பதறாமல் அறைத் தோழர்களோடு பங்கு போட்டுக் கட்டலாம், ஏனென்றால் அது வீட்டுக்கு ஒன்றுதான்.

"போனவுடனே பார்ட் டைம் வேலை கிடைச்சுடும்" என்று இங்கே சொல்லி அனுப்புகிறார்களே, அதை அப்படியே நம்பாதீர்கள். ஜெர்மன் மொழி தெரியாமல் முதல் மாதங்களில் வேலை கிடைப்பது கடினம். சட்டப்படி ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்தான் வேலை பார்க்கலாம். சம்பளம் இல்லாமல் சுயதொழில் கணக்கில் ஓட்டும் வேலைக்குத் தனி அனுமதி வேண்டும். வரம்பை மீறினால் பிடிபடுவது ஏஜெண்ட் இல்லை, நம் பிள்ளை.

நான்காவது, மனசு. டிசம்பரில் அங்கே நாலு, நாலரை மணிக்கே இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பொங்கலுக்கு லீவு கிடையாது. குளிர்காலத்தில் நேர வித்தியாசம் நாலரை மணி நேரம். அவர்கள் வகுப்பு முடிந்து அறைக்கு வந்து சமைத்து முடிக்கும்போது இங்கே அம்மா தூங்கியிருப்பார். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "ம்... சாப்பிட்டேன்" என்று பதில் வரும். அந்த "ம்"முக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. கடன் வாங்கி அனுப்பினவங்ககிட்ட எப்படிக் கஷ்டத்தைச் சொல்றது என்ற கூச்சம்தான் பிள்ளையின் வாயைக் கட்டிப்போடுகிறது.

அங்கே உதவி இருக்கிறது. மாணவர் விடுதியும் உணவகமும் நடத்தும் 'ஷ்டுடீரெண்டன்வெர்க்' அமைப்புகள் மனநல ஆலோசனையும் தருகின்றன. பேசுவது ரகசியமாக இருக்கும். பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் இருக்கிறது. புதிதாக வருபவரோடு ஒரு சீனியரைச் சேர்த்துவிடும் ஏற்பாடும் பல இடங்களில் உண்டு. கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவருக்குத்தான் இவை எதுவும் கிடைக்காமல் போகின்றன. உதவி கேட்பதும் ஒரு படிப்புதான் என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

இப்போது அரசுகளுக்கு வருவோம்.

2022-ல் உக்ரைனில் போர் வெடித்தபோது, நம் மருத்துவ மாணவர்களை மீட்டுக் கொண்டுவர ஒன்றிய அரசும் மாநில அரசும் ஓடின. வெளிநாட்டில் படிக்கும் பிள்ளை அரசின் பொறுப்பு என்பதை அன்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். குண்டு விழுந்தால்தான் பொறுப்பா? வீடு கிடைக்காமல், தேர்வு விதி தெரியாமல், பேச ஆளில்லாமல் தவிக்கும் பிள்ளைக்கும் அதே பொறுப்பு உண்டு.

தமிழ்நாட்டில் அயலகத் தமிழர்களுக்கென்றே துறை இருக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறோம். அந்தத் துறை ஜூலை, ஆகஸ்டில் மாவட்டத் தலைநகரம் ஒவ்வொன்றிலும் ஒரு நாள் பயிற்சி நடத்தட்டும். பேசுவது அதிகாரி அல்ல, அங்கே படித்துத் திரும்பியவராக இருக்கட்டும். தமிழில் பேசட்டும், பெற்றோரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். எந்த நாடு, எந்த ஊர், எந்தக் கல்லூரி என்ற பதிவேட்டையும் அன்றே எழுதிவிடலாம். இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஒரு மண்டபமும் மனசும் போதும்.

அடுத்தது ஏஜெண்டுகள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற வேண்டும். படிப்புக்கு அனுப்புகிறவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பஞ்சாப் மாநிலம் 2012-லேயே பயண முகவர்களுக்கும் வெளிநாட்டு ஆலோசகர்களுக்கும் உரிமம் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டது. "ஜெர்மனியில படிப்பு ஃப்ரீ" என்று போர்டு வைக்கிறவர், பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு என்பதைச் சொல்கிறாரா? தனியார் கல்லூரியில் சேர்த்தால் தனக்கு எவ்வளவு கமிஷன் என்பதைச் சொல்கிறாரா? எல்லாவற்றையும் எழுத்தில் தரவேண்டும், உரிமம் இல்லாமல் கடை திறக்கக் கூடாது என்று தமிழ்நாட்டிலும் சட்டம் வேண்டும். இது நம் இயக்கத்தின் கோரிக்கை.

ஒன்றிய அரசுக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டில் இருப்பவர்கள் புகார் பதிய 2015 முதல் 'மதத்' இணையதளம் இருக்கிறது. பெர்லினில் தூதரகமும், மியூனிக், ஃபிராங்க்ஃபர்ட், ஹாம்பர்க் நகரங்களில் துணைத் தூதரகங்களும் உள்ளன. குடியரசு தினக் கொடியேற்றத்தோடு நிற்காமல், அக்டோபரில் புது மாணவர்களைக் கூப்பிட்டுப் பேசட்டும். தமிழில் பதில் சொல்ல ஒரு ஆளை உட்கார வைக்கட்டும்.

அயல்நாட்டில் வாழும் நம் தோழர்களே, உங்களிடம் உரிமையோடு கேட்கிறோம். ஒரு குடும்பம் ஒரு மாணவரைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலடியில் வரவேற்று, நகர அலுவலகத்துக்குக் கூடவே போய், முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை சாம்பார் சோறு போடுங்கள். என்ன சாதி, எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். ஊரில் நாம் எதிர்த்து நிற்கும் அந்தக் கேள்வியை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகவே கூடாது!

பெற்றோரே, முதல் மூன்று மாதம் "வேலை கிடைச்சுதா?" என்று கேட்காதீர்கள். "இந்த வாரம் யார்கூடப் பேசினே? எங்கே போனே?" என்று கேளுங்கள். முடியாமல் ஒருவேளை திரும்பி வந்தாலும் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு சொல் பல பிள்ளைகளை அங்கேயே காலூன்ற வைக்கும்.

கடைசியாக ஒன்று. இங்கேயும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் இலங்கையிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் படிக்க வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மியூனிக்கில் நம் பிள்ளைக்கு நிறம் பார்த்து வீடு மறுத்தால் ரத்தம் கொதிக்கும். சென்னையிலும் கோவையிலும் அதே காரணத்துக்காக ஒரு ஆப்பிரிக்க மாணவருக்குக் கதவைச் சாத்தினால், அங்கே நியாயம் கேட்க நமக்கு என்ன தகுதி? அவரும் ஒரு தாயின் பிள்ளை. அவர் வீட்டிலும் கடன் இருக்கும். "சாப்பிட்டியா?" என்று கேட்கும் குரல் அவருக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. பக்கத்து அறையில் இருந்தால் ஒரு வாய் காபி கொடுங்கள். பஸ் நம்பர் சொல்லிக் கொடுங்கள்.

இந்த ஆண்டு உங்கள் தெருவிலிருந்து ஒரு பிள்ளை கிளம்புகிறதா? இந்தப் பதிவை அவர்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். அங்கே படித்து முடித்தவரா நீங்கள்? எந்த ஊரில் என்ன உதவி செய்ய முடியும் என்று கீழே எழுதுங்கள். நம் மாணவரணித் தோழர்கள் இருவரையும் இணைத்து வைப்பார்கள்.

#வழித்துணை_நாம்