முக்கா சல்லிக்குப் பெயர் என்ன?

மனைவியின் அண்ணன் சங்கரன்கோவிலில் டிப்பர் ஓட்டுகிறார். ஒருமுறை அவரிடம் கேட்டேன்: "மச்சான், நீங்க லோடு அடிக்கிறது என்ன கல்லு?"

"முக்கா சல்லி."

"அதில்ல மச்சான், கல்லோட பேரு."

கொஞ்சம் யோசித்தார். "ஒன்றரை சல்லியும் இருக்கு மாப்ள."

இதில் சிரிக்க வேண்டியது அவரைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. பொறியியல் படித்தவன் எனக்கும் அந்தப் பெயர் தெரியாது. சின்ன வயதில் இதைவிட அதிகம் தெரிந்திருந்தது. இருட்டில் இரண்டு வெங்கச்சங்கல்லை உரசினால் வெளிச்சம் வரும். காட்டில் பொறுக்கிய காக்காப்பொன்னைத் தீப்பெட்டியில் சேர்த்து வைப்போம். வெங்கச்சங்கல்தான் குவார்ட்ஸ், காக்காப்பொன்தான் மைக்கா என்று எந்த வகுப்பிலும் யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. புற்றுமண்ணைப் பிரசாதமாக வாங்கி நெற்றியில் இட்டுக்கொள்ளும் ஊர் எங்களுடையது. ஆனால் காலுக்குக் கீழே கிடக்கும் கல்லிடம் எங்களுக்கு அளவு கேட்க மட்டுமே தெரிகிறது.

வெட்டி முடித்த குவாரியைப் பூங்காவாக்குவது நல்ல காரியம். அதை எப்படி ஆக்குகிறோம் என்பதில்தான் என் சண்டை. சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக் நகரப் பூங்கா பழைய கல்குவாரி. தண்ணீர் நிறைந்த பள்ளம், நடுவில் நிமிர்ந்து நிற்கும் பாறை, கல்யாண போட்டோ ஷூட். அதற்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் 'குட்டி குய்லின்'. சீனத்துக் குய்லின் மலைகள் சுண்ணாம்புக்கல். இங்கே நிற்பதோ காப்ரோ: பூமிக்கடியில் குழம்பாக இருந்து மெதுவாக உறைந்த கருங்கல். ஃபெல்ட்ஸ்பாரும் பைராக்சீனும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஊரே அழகு என்று கொண்டாடும் கல்லுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு கல்லின் ஊர்ப்பெயர். கல் வெறும் பின்னணித் திரை ஆனால் இப்படித்தான் நடக்கும்.

நம்மிடம் மட்டும் என்ன வாழ்கிறது? பல்லாவரத்துக்கு வாருங்கள். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு சரளைக் குழியிலிருந்து கற்கால மனிதனின் கைக்கோடரியை எடுத்தார். இந்தியாவின் பழங்கற்கால ஆய்வே அந்தக் குழியில்தான் தொடங்குகிறது. அதே பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் கல், கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறை மேல் கிடந்தது. 1893இல் தாமஸ் ஹாலண்ட் அதை ஆராய்ந்து 'சார்னோக்கைட்' என்று பெயர் வைத்தார். நீலம் பாய்ந்த குவார்ட்ஸும் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமமும் சேர்ந்த கல். இன்று அண்டார்டிகாவில் அந்த வகைப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான். கல் நம்முடையது, பெயர் கல்லறைக்காரருடையது. விமான நிலையத்துக்கு அந்தக் குன்றுகளை ஒட்டித்தான் தினமும் போகிறோம். எத்தனை பேருக்கு இது தெரியும்?

தெரிந்து என்ன ஆகப்போகிறது என்பீர்கள். ஸ்வீடனில் இட்டர்பி என்று ஒரு கிராமம். ஃபெல்ட்ஸ்பாருக்காக வெட்டிய சாதாரணக் குவாரி. 1787இல் கார்ல் ஆக்செல் அரேனியஸ் என்ற ராணுவ அதிகாரி அங்கே கனமான ஒரு கறுப்புக் கல்லைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து இட்ரியம், இட்டர்பியம், டெர்பியம், எர்பியம் என்று நான்கு தனிமங்கள் அந்தக் கிராமத்தின் பெயரையே சுமந்துகொண்டு வந்தன. கடலடிக் கேபிளில் மங்கிப்போகும் ஒளியை வழியில் பெருக்கி அனுப்புவது எர்பியம்தான். நான் சோறு தின்கிற தொழில் அந்தக் கல்லின் மேல் ஓடுகிறது.

"பேரைச் சொன்னா திருடன் வந்துருவான்" என்று ஒரு வாதம் உண்டு. திருடனுக்கு ஏற்கெனவே தெரியும் சார். டெண்டர் எடுப்பவருக்கும் தெரியும். தெரியாதவன் உள்ளூர்க்காரன் மட்டும்தான். மதுரை மேலூர்ப் பக்கம் 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. அந்த வட்டாரத்தில்தான் 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி இருக்கிறது. மக்கள் தெருவில் இறங்கிய பிறகு, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. தன் மலையில் என்ன இருக்கிறது என்பதை ஒரு ஊர் ஏல அறிவிப்பிலிருந்தா தெரிந்துகொள்ள வேண்டும்?

அதனால் குவாரியைப் பூங்காவாக்கும் பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். தண்ணீர்ப் பள்ளத்துக்கு உயரமாக வேலி போடுங்கள், அதில் விவாதமே இல்லை. ஆனால் வெட்டுமுகத்தைச் சிமெண்ட் பூசி மூடாதீர்கள், அதன் மேல் டைனோசர் வரையாதீர்கள். மலை தன் வயிற்றைத் திறந்து காட்டும் ஒரே இடம் அதுதான். அதே கல்லில் நான்கு துண்டு அறுத்து, ஒருபக்கம் மட்டும் பாலிஷ் போட்டு, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். பக்கத்தில் தமிழில் எழுதுங்கள்: இந்த வெள்ளை குவார்ட்ஸ், உங்க பாட்டி சொன்ன வெங்கச்சங்கல். இந்த மினுக்கு மைக்கா, காக்காப்பொன். இந்தக் கல்லின் வயசு இவ்வளவு. இந்தக் குழியிலிருந்து இத்தனை லோடு போனது, இன்னின்ன ரோட்டுக்கு.

'ஐ லவ்' போர்டுக்கு ஆகும் செலவைவிட இது அதிகம் வராது. அப்படி ஒரு பூங்கா எங்கள் பக்கம் வந்தால் மச்சானைத்தான் முதலில் கூட்டிக்கொண்டு போவேன். இத்தனை வருஷம் அவர் சுமந்தது என்ன கல் என்று அவருக்கு ஒருமுறையாவது தெரிய வேண்டும்.