வசூல் முடியும் வரை கண் காத்திருக்காது!



ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வரும்போது பள்ளிவாசல் வாசலில் துண்டை விரித்து நிற்கும் தகப்பன்மார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கையில் ஜமாஅத் லெட்டர் பேடில் எழுதிய கடிதம் இருக்கும். "இவர் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்தவர். இவருடைய குழந்தைக்குப் பிறவியிலேயே கண் பார்வை இல்லை. தங்களால் இயன்ற உதவியைச் செய்யவும்" என்று எழுதி முத்திரையும் குத்தியிருப்பார்கள். நீங்களும் பத்தோ நூறோ போட்டிருப்பீர்கள். கொடுத்த கையைக் குறை சொல்ல நாம் வரவில்லை.

நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்தக் குழந்தைக்கு வயது என்ன என்று கேட்டீர்களா?

ஆறு மாதம் என்பார், ஒரு வருடம் என்பார். முதலில் பாட்டி வைத்தியம், பிறகு தர்ஹா, பிறகு ஓதிப் பார்ப்பது, பிறகு பக்கத்து ஊர் டாக்டர், அதற்கும் பிறகுதான் வசூல். பணம் சேர்ந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டாக்டர் சொல்லும் வார்த்தை: "இரண்டு மாதத்திற்குள் வந்திருக்கலாமே!"

இந்த ஒரு வரிக்குள்தான் சமுதாயத்தின் அறியாமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

நாள் கணக்கு என்ன?

பிறக்கும்போது குழந்தையின் கண் மட்டுமல்ல, பார்க்கக் கற்றுக்கொள்ளும் மூளையும் வளர்ந்துகொண்டிருக்கிறது. வெளிச்சம் உள்ளே போகாவிட்டால் மூளை அந்தக் கண்ணை மறந்துவிடும். அதனால்தான் பிறவிக் கண்புரையை முதல் சில வாரங்களுக்குள், ஏறத்தாழ ஆறு முதல் பத்து வாரத்திற்குள், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். பிறவியிலேயே வரும் கண் நீர் அழுத்த நோய்க்கும் அவசரம் உண்டு. கண் வழக்கத்திற்கு மாறாகப் பெரிதாக இருப்பதும், நீர் வடிவதும், வெளிச்சத்தைக் கண்டு கூசுவதும் அதன் அடையாளங்கள். கருவிழி நடுவே வெள்ளையாகத் தெரிந்தால் அது புற்றுநோயாகவும் இருக்கலாம். அங்கே பார்வை மட்டுமல்ல, உயிரே பணயம்.

குறை மாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கோ கெடு இன்னும் நெருக்கம். இவர்களுக்கு விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முறை தவறி வளர்ந்து பார்வையைப் பறித்துவிடும். 34 வாரத்திற்கு முன்பு பிறந்த, அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்கு முப்பது நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். மிகச் சிறிய குழந்தைகளுக்கு அதற்கும் முன்பே செய்ய வேண்டும். நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையிலேயே பெரும்பாலும் காப்பாற்றி விடலாம்.

ஒரு தீர்ப்பு சொல்லும் பாடம்

1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் 29 வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றி அனுப்பினார்கள். ஆனால் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. விஷயம் தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. அமெரிக்கா வரை கொண்டு சென்றும் பார்வை திரும்பவில்லை.

அந்தத் தந்தை விடவில்லை. வழக்குத் தொடர்ந்தார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2009இல் ஐந்து லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2015 ஜூலை 1 அன்று சுமார் ஒரு கோடியே எண்பது லட்சம் ரூபாய் வழங்கத் தீர்ப்பளித்தது. பரிசோதனை பற்றிச் சொல்லத் தவறியது மருத்துவக் கவனக்குறைவே என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது பதினெட்டு. கோடி ரூபாய் வந்தது. பார்வை வந்ததா?

தாயைக் குற்றவாளி ஆக்காதீர்கள்

குழந்தை குருடாகப் பிறந்தால் நம் வீடுகளில் முதல் தண்டனை பெற்றவளுக்குத்தான். "கிரகணத்தில் வெளியே போனாள்", "வயிற்றுப் பிள்ளையோடு அதைத் தின்றாள்" என்று ஆளுக்கொரு குற்றச்சாட்டு. மாமியார் பேசாமல் இருந்தாலும் மருமகளைப் பிறந்தகத்திற்கு அனுப்பிவிடுகிறார்கள்.

உண்மைக் காரணங்கள் வேறு. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தாயைத் தாக்கும் ருபெல்லா என்ற வைரஸ் குழந்தையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் கெடுக்கும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1990களில் நடந்த ஆய்வில், கண்புரையோடு வந்த ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இதுவே காரணம் என்று தெரிந்தது. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிக்கூடங்களில் அதைப் போட வந்தபோது என்ன நடந்தது? வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்தியவர்கள் எத்தனை பேர்? இன்று அந்த ஊசி ஒன்பது மாதம் முடிந்ததும் ஒரு முறை, ஒன்றரை வயது வாக்கில் ஒரு முறை இலவசமாகப் போடப்படுகிறது. இன்றைய சிறுமிக்குப் போடும் ஊசி நாளை அவள் வயிற்றில் வளரும் குழந்தையின் கண்ணைக் காக்கும்.

சொந்தத்திற்குள் மணம் முடிப்பதும் சில குடும்பங்களில் பரம்பரைக் கண் நோய்க்கு வாய்ப்பைக் கூட்டுகிறது. நம் பக்கத்தில் எல்லாச் சமூகத்திலும் உள்ள வழக்கம் இது. இத்தகைய நோயில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் கூறு வருகிறது. பழி மட்டும் ஏன் ஒருத்தி தலையில்?

பணமா, வழிகாட்டியா?

திருவேங்கடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் பூமி. தீப்பெட்டி வேலையும் காட்டு வேலையும் பார்த்துப் பிழைக்கும் மக்கள். திருநெல்வேலிக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும். எந்தக் கட்டடம், எந்த அறை, யாரைக் கேட்பது என்று தெரியாது. இந்தப் பயம்தான் பல பெற்றோரைக் கட்டிப் போடுகிறது.

ஆனால் வழி இல்லாமல் இல்லை. 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் பிறவிக் கண்புரையும் குறைமாதக் குழந்தையின் விழித்திரை நோயும் இலவச சிகிச்சைக்கு உரியவை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் மருத்துவமனைக்குத் திருநெல்வேலியிலேயே கிளை உண்டு. அங்கே ஏழைகளுக்கு இலவசப் பிரிவும் உண்டு. ஆக, முதல் பரிசோதனைக்கு லட்சங்கள் தேவையில்லை. பஸ் செலவும், கூடப் போக விவரம் தெரிந்த ஓர் ஆளும்தான் தேவை!

பார்வை வராவிட்டால்?

எல்லாக் கண்ணும் திறக்காது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரேயொரு மரபணுக் குறைக்கான மருந்தை 2017இல் அமெரிக்கா அங்கீகரித்தது. எல்லோருக்கும் அது பொருந்தாது. "ஸ்டெம் செல்லில் பார்வை வரும்" என்று லட்சங்கள் கேட்பவர்களிடம் வீட்டை விற்றுக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

பார்வை இல்லாவிட்டால் வாழ்க்கை இல்லை என்று யார் சொன்னது? பார்வையற்ற நபித்தோழர் இப்னு உம்மி மக்தூம் அவர்களை முஅத்தினாகவும், தாம் வெளியூர் செல்லும்போது மதீனாவின் பொறுப்பாளராகவும் நபிகள் நாயகம் (ஸல்) நியமித்தார்கள். பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கல்வியைத் தொடங்கி நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பிறவியிலேயே பார்வையற்ற சென்னைப் பெண் பெனோ ஜெபின் 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்வியையும், அரசு வேலையில் நான்கு சதவீத ஒதுக்கீட்டையும் தருகிறது. அதில் ஒரு சதவீதம் பார்வைக் குறையுள்ளோருக்கு உரியது. அடையாள அட்டை வாங்கினால்தான் இவையெல்லாம் கைக்கு வரும். பிள்ளையைப் பின்கட்டில் ஒளித்து வைத்தால் எது வரும்?

என்ன செய்யப் போகிறோம்?

ஜமாஅத் நிர்வாகிகளே! கடிதம் எழுதிக் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடாது. மஹல்லாவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் கண்ணையும் ஆஸ்பத்திரியில் பார்த்தார்களா என்று கேளுங்கள். இரண்டு, மூன்று மாதத்தில் தாயின் முகத்தைப் பார்க்காத குழந்தை இருந்தால், அந்த வாரமே ஓர் இளைஞரைக் கூட அனுப்புங்கள். பைத்துல்மாலில் இதற்கென ஒரு தொகை ஒதுக்குங்கள். மதம் பார்க்காமல் பக்கத்துத் தெருக் குழந்தைக்கும் அதைக் கொடுங்கள்.

அரசிடமும் கேட்போம். குறைமாதக் குழந்தை டிஸ்சார்ஜ் ஆகும் சீட்டில், கண் பரிசோதனைக்கான தேதி தமிழில் பெரிதாக எழுதப்பட வேண்டும். வெளியூர் செல்லும் ஏழைப் பெற்றோருக்குப் பயணச் செலவும் தர வேண்டும். இது சலுகை அல்ல, அந்தக் குழந்தையின் உரிமை.

பணம் நாளைக்கும் சேரும். போன வாரங்கள் திரும்பி வரா. சிந்திப்போம்! இன்றே செயல்படுவோம்!