சல்லடையில் நிற்பது

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு சின்ன யுத்தம். காரணம், கோவை டவுன்ஹால் பக்கத்துப் பாத்திரக் கடையில் நான் வாங்கி வந்த எவர்சில்வர் சல்லடை. கண் அத்தனை நுணுக்கம்! அதில் சலித்த கேழ்வரகு மாவு முகப்பவுடர் போல விழுந்தது. மேலே நின்ற கப்பியைக் கொட்டப் போனேன். அத்தை கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் அம்மிணி, சத்தைக் கொட்டிப்போட்டு என்னத்தைக் களி கிண்டப் போறே?"

நான் காலேஜில் தமிழ் படித்தவள் ஆயிற்றே, விடுவேனா? நன்னூலைத் துணைக்கு அழைத்தேன். பவணந்தி முனிவர் கடைசித் தர மாணாக்கனுக்குச் சொன்ன உவமைகளில் ஒன்று நெய்யரி. அதாவது நெய் வடிகட்டும் பன்னாடை. நல்ல நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். முனிவரும் நம் பக்கத்துக்காரர்தான். பெருந்துறையை அடுத்த சீனாபுரம் அவர் ஊர் என்று கொங்கு நாட்டில் சொல்வார்கள்.

"நெய்க்குச் சரி கண்ணு. ராகிக்கு?" என்றார் அத்தை.

புத்தகங்களைப் புரட்டிப் பார்த்ததில் அத்தைதான் ஜெயித்தார். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே எடை வெள்ளையரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்திலும் நார்ச்சத்திலும் பெரும் பங்கு அதன் மேல்தோலில் இருக்கிறது. நுண்ணிய சல்லடை முதலில் தடுத்து நிறுத்துவது அந்தத் தோலைத்தான். ஆகவே களிக்கும் அடைக்கும் கல், தூசி, பூச்சி போகும்படி பெருங்கண் சல்லடையில் ஒருமுறை சலித்தால் போதும்.

அப்படியானால் நுண்கண் சல்லடை வீணா? இல்லை. ஒப்புட்டுக்கு வெல்லம் கரைக்கிறீர்களா? பாகு காய்ச்சுவதற்கு முன்பே கரைசலை அதில் வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் மணல் பல்லில் கடிபடும். ஆறு மாதம் நிரம்பிய குழந்தைக்குக் கேழ்வரகுப் பால் கஞ்சியா? ஊறவைத்து அரைத்து, சுத்தமான மல் துணியில் வடிகட்டிக் காய்ச்சுங்கள். பிஞ்சு வயிற்றுக்கு முரட்டுத் தோல் ஆகாது. தேங்காய்ப் பால் பிழிந்த சக்கையைக் கொட்ட வேண்டாம், பொரியலில் தூவலாம்.

வாங்கும்போது ஒரு விஷயம். கடைக்காரர் 20, 40, 60 என்று மெஷ் நம்பர் சொன்னால், அது ஓர் அங்குல நீளத்தில் உள்ள கண்களின் எண்ணிக்கை. நம்பர் ஏற ஏறக் கண் சிறுக்கும். வலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கம்பி அறுந்திருந்தால் அந்தச் சல்லடை அடுப்பங்கரைக்கு வேண்டாம். அறுந்த கம்பி உணவில் விழுந்தால் ஆபத்து. உபயோகித்த உடனே கவிழ்த்துப் பிடித்துத் தண்ணீரை வேகமாக விட்டு அலசி, வெயிலில் காயவையுங்கள். காய்ந்த மாவு கண்ணை அடைத்துக்கொண்டால் பிறகு பிரஷ் போட்டாலும் லேசில் போகாது.

அன்று கப்பி மறுபடியும் மாவோடு சேர்ந்தது. களியும் கீரைக் கடைசலும் அமிர்தமாக இருந்தன. ஆனால் எனக்கு ஒன்று உறுத்திற்று. இத்தனை வருஷமாக அத்தை பேச்சில் கண்டிப்பை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, விஷயத்தை நழுவ விட்டிருக்கிறேன். நன்னூலைப் படித்தவள் நான். ஆனால் முனிவர் சொன்ன நெய்யரியும் நான்தான்!