ஒரு நாள் சான்றிதழ் பயிற்சி ஆகாது: கதிர்வீச்சுப் பாதுகாப்பு குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

உரிமையாளர்கள் தரப்பிலிருந்து சென்ற மாதம் வந்த சுற்றறிக்கையை உறுப்பினர்கள் அனைவரும் படித்திருப்பீர்கள். கைப்பேசியில் ஒரு நாள் காணொளி பார்த்து, கடைசியில் வரும் கேள்விகளுக்கு டிக் அடித்துவிட்டால், எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கப் போதிய பயிற்சி பெற்றவராம். மூத்த டெக்னீஷியன்கள் "நேரில் பயிற்சி அளித்தேன்" என்று கையெழுத்துப் போட வேண்டிய படிவமும் கூடவே வந்திருக்கிறது. கும்பகோணத்தில் கூடிய செயற்குழு, இந்த ஏற்பாட்டை இப்போதுள்ள வடிவில் ஏற்க இயலாது என்று முடிவு செய்துள்ளது. இணையவழி வகுப்பே கூடாது என்று சங்கம் சொல்லவில்லை. பாடத்தை அப்படி நடத்துவதில் மாற்றுக் கருத்து இல்லை. அறைக்குள் நின்று கைப்பழக்கமாகக் கற்பதற்கு அது ஈடாகாது என்பதே எங்கள் நிலை.

செயற்குழுவில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது, தொழிலாளி வாங்கும் கதிரை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் பற்றிய பேச்சுதான். மன்னார்குடிப் பக்கம் ஒரு ஸ்கேன் மையத்துக்கு எங்கள் நிர்வாகிகள் இருவர் போயிருந்தார்கள். மையத்தின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் பழிவாங்கப்படுவது அங்கே வேலை பார்ப்பவர்தான். எக்ஸ்ரே அறையில் நாள்காட்டி மாட்டிய ஆணியிலேயே பேட்ஜும் தொங்கியது. அதில் இருந்த பெயர், எப்போதோ வேலையை விட்டுத் திருப்பூர் போய்விட்டவருடையது. கால் முறிந்த ஒரு குழந்தை வலியில் துடித்துக்கொண்டிருந்தது. வெளியே காவலாளி பொத்தானை அழுத்த, உள்ளே குழந்தையின் முழங்காலைப் பிடித்தபடி நின்றவர், காலையில் வரவேற்பு மேசையில் சீட்டு எழுதிய அதே பெண். லெட் ஏப்ரன் அலமாரி மேல் நான்காக மடித்துக் கிடந்தது. மடிப்பு விழுந்த இடத்தைத் தடவினால், உள்ளே ஈயப்படலம் விண்டிருப்பது கைக்குத் தெரிந்தது.

பேட்ஜ் அலங்காரம் அல்ல. உள்ளே மூன்று சிறு வில்லைகள், கால்சியம் சல்பேட்டில் டிஸ்புரோசியம் சேர்த்துச் செய்தவை. மூன்று மாதம் நெஞ்சில், ஏப்ரனுக்கு உள்ளே அணிந்த பிறகு ஆய்வகத்தில் சூடாக்கினால், வாங்கிய கதிரை அவை ஒளியாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு தொழிலாளி ஆயுள் முழுக்க எவ்வளவு கதிர் வாங்கினார் என்பதற்கு அந்தக் கணக்கைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மேல் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. பேட்ஜ் ஆணியில் தொங்கினால் அந்த வரம்பு யாருக்கு? மேசை இழுப்பறையில் பூட்டி வைத்தால் கணக்கு சுத்தமாக வரும். எக்ஸ்ரே குழாய்க்கு எதிர்ச்சுவரில் மாட்டினால் எகிறும். அப்போது விளக்கம் சொல்ல வேண்டி வருவது பேட்ஜில் பெயர் உள்ளவருக்கு. இரண்டு வழியிலும் ஏமாற்றப்படுவது நம் ஆள். கருவுற்ற பெண் அதைத் தெரிவித்த நாள் முதல் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அந்த விதியை யாருமே சொல்லித் தராததால், வேலையே வேண்டாம் என்று வீட்டுக்குப் போன தங்கைகளை நாங்கள் அறிவோம். இதை ஒரு நாள் காணொளி சரிசெய்யுமா?

பயிற்சி பெறாதவர்களை உடனே வெளியேற்றக் கோர வேண்டுமா என்பதில் செயற்குழுவில் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. அவர்களும் நம் ஊர்ப் பிள்ளைகள், குறைந்த சம்பளத்துக்கு இரவுப்பணி பார்ப்பவர்கள். ஆகவே, இரண்டு ஆண்டு அவகாசத்துக்குள் சம்பளத்துடன் முறையான பயிற்சி, அதுவரை தகுதியுள்ளவரின் நேரடிப் பார்வையில் மட்டும் பணி என்பது, நடைமுறைச் சாத்தியங்களைக் கருத்தில் கொண்டு, சங்கத்தின் தற்போதைய நிலைப்பாடு. இதில் அதிருப்தி உள்ள உறுப்பினர்களின் கருத்தும் பதிவு செய்யப்பட்டுள்ளது.

சட்டத்தில் ஓட்டை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. 2004ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. பாதுகாப்பு அலுவலர் ஒருவரை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதலோடு நியமிக்க வேண்டும் என்பது எல்லா உரிமையாளருக்கும் தெரியும். மாநிலந்தோறும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு இயக்குநரகம் அமைக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 2001இல். பத்தாண்டு கழித்து, 2011 ஜூலையில், கேரளமும் மிசோரமும் மட்டுமே அமைத்திருந்தன. நாட்டின் 57,443 மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களில் 52,173 வாரியத்தின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இயங்குவதாக, 2012இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே சொன்னது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று! அதன்பின் இணையவழிப் பதிவு வந்தது, பதிவு கூடியது, அதை மறுக்கவில்லை. ஆனால் பதிவுச் சான்றிதழ் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது, பேட்ஜ் ஆணியில் தொங்குகிறது.

துவாக்குடிப் பட்டறைகளில் இரிடியம் கேமராவோடு வெல்டிங் சோதிப்பவர்களும், டெல்டாவின் எண்ணெய்க் கிணறுகளில் கதிர்மூலம் இறக்கி அளவெடுப்பவர்களும் முறையான பயிற்சி வேண்டும் என்ற இதே கோரிக்கைக்குள் வருகிறார்கள். பழைய இரும்புக் கடைக்காரர்களையும் விட்டுவிட முடியாது. 2019 ஜனவரியில் ராஜமுந்திரியில் காணாமல் போன சீசியம் பெட்டகம், கிருஷ்ணா மாவட்டத்தில் ஒரு காயலான் கடையில்தான் கிடைத்தது. 2010இல் டெல்லி மாயாபுரியில் கோபால்ட் துண்டு ஒன்றைப் பர்சில் வைத்துக்கொண்டு திரிந்தார் ஒரு வியாபாரி. அந்த விபத்தில் ஒரு தொழிலாளி இறந்தார். அந்தக் கோபால்ட் இருந்த கருவியை ஏலம் விட்டது படிப்பறியாத இடமல்ல, டெல்லிப் பல்கலைக்கழகம்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. செய்முறைப் பயிற்சியைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியிலேயே நடத்த அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். நடமாடும் எக்ஸ்ரே இயந்திரத்திலிருந்து ஒரு மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்குத் தள்ளி நின்றால் வாங்கும் கதிர் நாலில் ஒன்றாகும் என்பதைக் கருவி வைத்து அளந்து காட்ட வேண்டும். ஒருமுறை கண்ணால் பார்த்தவர் பிறகு தானாகவே பின்னால் நகர்வார். எச்சரிக்கைப் பலகை தமிழில் இருக்க வேண்டும். கதிர் என்றால் நெற்கதிரே நினைவுக்கு வரும் ஊரில், "உள்ளே வராதீர்கள், கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லுங்கள்" என்று புரியும்படி எழுதினால் போதும். பேட்ஜ் அறிக்கையின் நகல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொழிலாளியின் கைக்கு வர வேண்டும்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் நடத்தாத பயிற்சிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டாயத்தில் ஏற்கெனவே போட்டவர்கள் தயங்க வேண்டாம். படிவத்தின் நகலோடு மாவட்டச் செயலாளரைப் பாருங்கள். கையெழுத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தைச் சங்கமே எழுதித் தரும்.