பையில் அச்சிடும் படம் யாருடையது?

ஆடிப்பெருக்கு கழிந்ததும் காலண்டர் ஏஜெண்டுகள் ஆல்பத்தோடு கடை ஏறிவிடுவார்கள். அடுத்து தீபாவளிக்குத் துணிப்பை, பொங்கலுக்குக் கவர். முன்பு ஆல்பத்தில் இருப்பதைத்தான் தேர்ந்தெடுப்போம். இப்போது டிசைன் போடும் பையனிடம், "நெட்டிலிருந்து நல்ல படமா ஒன்று எடுத்துப் போடப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது.

நாமும் அப்படிச் சொன்னவர்கள்தாம். இரண்டு தீபாவளிக்கு முன் மூவாயிரம் துணிப்பை அடித்தோம். முறுக்குத் தின்னும் குழந்தையின் படம். பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். தை மாதம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. படம் எடுத்த போட்டோகிராபர் அனுப்பியிருந்தார். அச்சகத்தில் கேட்டால், "நீங்கள் சரி என்று சொன்ன படத்தைத்தானே போட்டோம்" என்று கையை விரித்துவிட்டார்கள். பேசி, பணம் கொடுத்து முடித்தோம். மிச்சப் பைகள் குடோனில் கைத்துணியாகக் கிழிந்தன.

சட்டம் புதிதல்ல, 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். படம் வரைந்தவர், எடுத்தவர் உயிரோடு இருக்கும்வரையும், இறந்தபின் 60 ஆண்டுகளும் உரிமை நிற்கும். அச்சிட்டவர் மட்டுமல்ல, அத்தகைய சரக்கை விற்பவரும் மாட்டுவார். தெரிந்தே செய்தால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். இதில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம், ஜாமீனும் எளிதல்ல என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"வாங்கி விற்பவனை யார் கேட்பார்?" என்று நினைக்க வேண்டாம். பாடகர் தலேர் மெஹந்தியைப் போல் செய்த பாடும் பொம்மைகளை விற்ற பரிசுப் பொருள் கடைகள் மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. 2010-ல் விற்பனைக்குத் தடையும், ஒரு லட்ச ரூபாய் நஷ்டஈடும் விதித்தார்கள். பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஆர்டரின்பேரில் சாயம் போட்டுத் தரும் பறக்கும் தட்டில் சோட்டா பீமைப் போட்டாலும் இதே கதைதான்.

சாமி படம் எல்லாருக்கும் பொது என்பதும் பாதி உண்மையே. ரவிவர்மா 1906-ல் காலமானார். அவர் வரைந்த லட்சுமியை யாரும் அச்சிடலாம். அதையே இன்றைய ஓவியர் ஒருவர் மாற்றி வரைந்திருந்தால் அந்தப் புது வேலை அவருடையது. கோவில்பட்டி கொண்டையராஜு மறைந்தது 1976-ல். அவர் படங்களுக்குக் கணக்கு 2036 வரை ஓடும். காந்தி, நேரு படங்களை வியாபார விளம்பரத்துக்குப் போடுவதற்கு 1950-ஆம் ஆண்டின் தனிச் சட்டமே தடை. இது நம்மில் பலருக்குத் தெரியாது.

இதை அநியாயம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. நம் ஜவ்வரிசி மூட்டையின் மார்க்கை இன்னொருவர் போட்டு விற்றால் செவ்வாய்ப்பேட்டையே அதிரும்படி சண்டைக்குப் போக மாட்டோமா?

ஒரு வழி இருக்கிறது. கூலி கொடுத்து நமக்கென்றே எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு உடன்பாடு இல்லாதவரை, நாமே உரிமையாளர். சட்டத்தின் 17-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. சென்ற ஆண்டு உள்ளூர்த் தம்பி ஒருவரை வைத்து நாமக்கல் மலைக்கோட்டையை எடுத்தோம். "இந்தப் படம் இந்தக் கடைக்காக எடுத்தது" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினோம். அச்சக பில்லோடு அதே பைலில் கோத்து வைத்திருக்கிறோம்.